பின்னால் நின்று பிடிப்பவர்கள்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஆண்டுக்கு ஒருநாள் எங்களைப் பாராட்டுவார்கள். எங்களை என்றால், பிசியோதெரபி உதவியாளர்களை. சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பலூன் கட்டி, நடுவில் ஒரு கேக்கை வைத்து, "நீங்கள்தான் இந்த இடத்தின் முதுகெலும்பு" என்று மேலாளர் அம்மாள் பேசுவார். நான் அங்கே சேர்ந்து பதினோரு வருடமாகிறது. குணசேகரன் என்ற என் பெயர் அவர் வாயில் இன்னும் 'கூனா'தான்.

போன மாதம் அந்த நாள் வந்தது. பேச்சு முடிந்ததும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி என் தோளைத் தட்டி, "நீ இல்லாமல் எங்களால் ஒன்றும் முடியாது" என்றாள். படிப்பை முடித்து இரண்டு வருடம்கூட ஆகாதவள். அன்று காலையில்தான் ஒரு கிழவரின் கால் வீக்கத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். கைக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்ம்" என்றுவிட்டுப் போனாள். மாலையில் கேக் ஊட்டாத குறையாக அன்பைக் காட்டினாள்.

மற்ற வருடங்களில் இப்படிப்பட்டவர்களை மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். இகழ்ச்சியில் எனக்குப் பதினோரு வருடப் பயிற்சி உண்டு. இந்த வருடம் திட்ட முடியவில்லை. போன வருடம் அரியலூரில் நான் அவளைவிடக் கேவலமாக நடந்துகொண்டேன். அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

திருச்சியில் பிசியோதெரபி பட்டம் வாங்கிக்கொண்டு கனடா வந்தவன் நான். இங்கே அந்தப் பட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்றது கனடா. நேரில் வந்து மனு கொடு என்றது பல்கலைக்கழகம். சான்றிதழில் நான் 'ப. குணசேகரன்'. பாஸ்போர்ட்டில் என் அப்பா பழனிமுத்து எனக்குக் குடும்பப் பெயராக வந்து உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் எனக்கு மகள் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஒருவழியாகச் செயல்முறைத் தேர்வுக்குப் போனேன். நோயாளியாக நடிக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவரை உட்கார வைத்திருந்தார்கள். "காலை இங்கே வையுங்கள்" என்பதை அப்படியே "கீப் யுவர் லெக் ஹியர்" என்றேன். "காலை உன்னிடம் விட்டுவிட்டுப் போனால் நான் எப்படி வீட்டுக்குப் போவது?" என்றார் கிழவர். தேர்வாளர் சிரித்தார். அதன்பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை. தேறவில்லை. மறுபடி எழுதவும் இல்லை. உதவியாளனாகச் சேர்ந்து அப்படியே இருந்துவிட்டேன்.

உதவியாளன் என்ன செய்வான்? பிசியோதெரபிஸ்ட் வந்து நோயாளியைச் சோதித்துப் பார்த்து, இன்ன பயிற்சி, வாரத்துக்கு இத்தனை தடவை என்று எழுதிவிட்டுப் போவார். எழுதியதை உடம்பில் ஏற்றுவது உதவியாளன். விழுந்தவரை எழுப்பி உட்கார வைத்து, உட்கார்ந்தவரை நிற்க வைத்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அவர் பின்னாலேயே தப்படி தப்படியாக நடப்பவன். யாருக்கு விடிகாலையில் முழங்கால் மரத்துப்போகும், யார் வலியை மறைப்பார், யாருக்கு எந்த மாத்திரைக்குப் பிறகு தலை சுற்றும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். கோப்பில் இருக்காது.

மகளுக்கு இதைச் சொல்லிக்கொள்வதில் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் அவள் எழுதியது, 'வயதானவர்களை எழுந்து நிற்கவைப்பவர்'. தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். ஆனால் எங்கள் வீட்டில் உண்மை பேசும் ஒரே ஆள் அவள்தான். ஊரில் என் அக்கா வசந்தா, "எந்தம்பி கனடாவுல டாக்டரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

3

வசந்தா அக்காவின் கணவர் தங்கராசு மாமா, அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு டிப்பர் லாரி ஓட்டுபவர். போன வருடம் ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்த நிலையிலும் லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். அக்கா போனில் அழுதாள். "நீ வந்தீன்னா எல்லாம் சரியாயிடும்டா. நீ டாக்டருல்ல?" என்றாள். ஐந்து வார விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

மாமாவைப் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பெரிய டாக்டர் வருவார், கோப்பைப் பார்ப்பார், மாமாவைப் பார்க்காமலே போவார். பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு இளைஞன். மாமாவின் கையில் நாலு பட்டைகளை ஒட்டிக் கருவியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து போனைத் தடவுவான். "கரண்ட் வச்சா நரம்பு முழிச்சுக்கும்ங்க" என்றான் என்னிடம். இவனுக்கும் என் படிப்புதான். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

அவன் போனபிறகு நீலப் புடவையில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் மலர்க்கொடி. புடவையில் பின் குத்தித் தொங்கிய அட்டையில் 'பிசியோ அசிஸ்டென்ட்' என்று இருந்தது. எல்லோரும் கூப்பிட்டதோ 'ஆயா'. வந்தவள் மாமாவின் இடது பக்கமாகப் போய் நின்று பேசினாள். பழைய வேட்டியை முறுக்கி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள்.

"அண்ணே, மூக்கு கால் பெருவிரலுக்கு நேரா வரணும். குனிங்க. இன்னும் கொஞ்சம். ம்... இப்ப எந்திரிங்க."

"உழுந்துருவேன் புள்ள."

"உழுந்தா எம்மேலதான் உழுவீங்க. வலி எனக்குத்தான், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

மாமா சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் எழுந்தும் விட்டார். அவர் இடது முழங்கால் மடங்காதபடி மலர்க்கொடி தன் முழங்காலால் முட்டுக் கொடுத்திருந்தாள். அதைச் சரியாகச் செய்ய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துப் பாத்துதான் சார். பத்தாவதோட நின்னுட்டேன். இங்க வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு."

எனக்கு மதிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு இளக்காரம். பார்த்துப் பழகியவள், கைப்பழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

4

மாமா வீட்டுக்கு வந்தபிறகு, மலர்க்கொடி மருத்துவமனை வேலையை முடித்துவிட்டு மாலையில் அரியலூர் வந்து பயிற்சி கொடுப்பதாக ஏற்பாடு. அரியலூர் ரோட்டில் ஒரு ஊர்க் காலனியில் அவள் வீடு. இதை முதல்நாளே அக்கா விசாரித்து வைத்துக்கொண்டாள். மலர்க்கொடி வாசலுக்கு வந்ததும் அக்கா, "சந்து வழியா சுத்திக்கிட்டு பின்பக்கமா வா" என்றாள். வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். மலர்க்கொடிக்குப் பேப்பர் கப். கடையிலிருந்து அதற்கென்றே அக்கா ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வர்றவடா. சுத்தம் பாக்க வேணாமா?"

அதே ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவருக்கு டம்ளரில்தான் காபி கொடுத்தாள். என் அக்காவின் சுத்தம் ஆள் பார்த்து வேலை செய்யும். நான் என்ன செய்தேன்? கனடாவில் தமிழ் சங்கக் கூட்டங்களில் நிறவெறியைப் பற்றி மைக் பிடித்துப் பேசுகிறவன், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் கிளம்பும்போது மலர்க்கொடி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சார், காலையில பிரஷர் மாத்திர போட்டா ஒரு மணி நேரத்துக்கு அண்ணனுக்குத் தல கிறுகிறுங்குது. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, ஆனா கண்ணு சொருகும். அந்த நேரத்துல நிக்க வக்காதீங்க. அந்த இடது கையையும் யாரும் புடிச்சு இழுத்துறக் கூடாது. தோள்பட்ட எறங்கியிருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. நான் இதுலதான் இருக்கேன்" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். அந்த 'சரிங்க சார்' எனக்கு மிகவும் பழக்கமானது. நானும் அதைத்தான் தினமும் ஆங்கிலத்தில் சொல்கிறேன்.

அவள் போனதும் அக்கா வந்தாள். "நீ இருக்கறப்ப அவ எதுக்குடா? தெருவே வேடிக்க பாக்குது, அவ வந்து இவரு இடுப்பக் கட்டிப் புடிக்கிறத" என்றாள். மறுநாள் நானே மலர்க்கொடிக்கு போன் செய்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

5

நாலு நாள் கழித்து, காலை டிபன் முடிந்த நேரம், செந்துறையிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். "டாக்டர் மாப்ள கையால தங்கராசு நடக்கிறானாமே, எங்க, நாங்களும் பாக்குறோம்" என்றார் ஒரு பெரியப்பா. அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள். எனக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது.

கனடாவிலிருந்து கொண்டுபோயிருந்த பெல்ட்டை மாமாவின் இடுப்பில் கட்டினேன். வேட்டியெல்லாம் எதற்கு? அவர் மாத்திரை போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எழுப்பி நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டியவர்கள் பக்கம் திரும்பி, மூளையின் வலப்பக்கம் அடைபட்டால் உடம்பின் இடப்பக்கம் ஏன் விழுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். மாமாவின் கண்ணை நான் பார்க்கவில்லை.

அவர் அப்படியே இடது பக்கமாகச் சரிந்தார். பெல்ட் கைநழுவிப்போக, பதறி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதே இடது கையை. எங்கள் வேலையில் முதல்நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம், அந்தக் கையை மட்டும் பிடித்து இழுக்காதே என்பது. தோள் நழுவியது. அந்தக் கையின் மணிக்கட்டு தரையில் மோதி எலும்பில் விரிசல் விட்டது.

பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பினோம். "கண்ணு பட்டுருச்சு" என்று அக்கா சொந்தக்காரர்களைத் திட்டினாள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. டாக்டரை யார் குறை சொல்வார்கள்?

ஆனால் மாமா அதன்பிறகு நிற்க மறுத்துவிட்டார். நான் கிட்டே போனாலே வலதுகையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அவசரத்துக்குக்கூட எழவில்லை. அத்தனை பெரிய லாரியைச் சுரங்கப் பள்ளத்திலிருந்து பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டு வருபவர், துணியிலேயே போய்விட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்படியே ஒரு மாதம் கிடந்தால் பிறகு அவர் எழவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சொன்னார்: "என்னைய உட்டுரு மாப்ள. அந்தப் புள்ளயக் கூப்புடு."

"எந்தப் புள்ளய?" என்றாள் அக்கா, தெரிந்துகொண்டே.

"மலர்க்கொடிய. அவ புடிச்சா நான் உழுவ மாட்டேன்."

"ஏன், எந்தம்பி இல்லையா?"

"ஒந்தம்பி ஊரப் பாத்துக்கிட்டுப் புடிக்கிறான்" என்றார் மாமா.

6

மலர்க்கொடி என் போனை எடுக்கவில்லை. மருத்துவமனையில் விசாரித்ததில், மாலையில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் வீட்டுக்குப் போகிறாள் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன்.

வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியவர் அவர். அவருக்கும் பக்கவாதம். வீட்டார் என்னைக் கூடத்துக்குள் அழைத்து உட்கார வைத்தார்கள். பயிற்சி முடிந்து மலர்க்கொடி எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதேபோல ஒரு டம்ளர் வந்தது. அதைக் கையில் வாங்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இந்தப் புள்ள இல்லேன்னா நான் படுத்த படுக்கதான் தம்பி" என்றார் பெரியவர். "இப்ப நாற்காலியில உக்காந்து தொழுவுறேன், அல்ஹம்துலில்லாஹ்."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். மலர்க்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்ப உழுந்தாரு?"

"காலையில."

"மாத்திர போட்டா?"

தலையாட்டினேன். அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க அந்த ஊர்ல என்ன வேல சார் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியைத் தமிழில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். "உங்க வேலதான்" என்றேன். "அங்க நானும் அசிஸ்டென்ட்டுதான். நான் சொல்றதையும் அங்க யாரும் காதுல வாங்கறதில்ல."

அவள் இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் துளியும் இல்லை. அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். கேக் வெட்டும் மேலாளரை நான் பார்க்கும் பார்வை அது.

"அப்பறம் எப்புடி சார், நான் சொன்னது ஒங்க காதுல உழாமப் போச்சு?"

பெரியவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

"அண்ணனுக்காக வரேன்" என்றாள் கடைசியில். "ஆனா நான் முன்வாசல் வழியாத்தான் வருவேன். அக்கா வான்னு சொல்லணும். அப்பறம், பயிற்சி குடுக்கிறப்ப நீங்க அண்ணனுக்குப் பின்னாடி நின்னு பெல்ட்டப் புடிக்கணும். பேசக் கூடாது."

7

மறுநாள் மாலை அவள் முன்வாசலில் வந்து நின்றாள். கேட்டைத் தொடவில்லை. அக்கா கூடத்திலிருந்து பார்த்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அக்காதான் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. தெருவில் ரெண்டு பெண்கள் நின்று கவனித்தார்கள்.

உள்ளேயிருந்து மாமா சத்தம் போட்டார். "யாரு, மலரா? வசந்தா, வாசல்ல என்ன வேடிக்க? உள்ள கூப்புடு!"

"வா" என்றாள் அக்கா. கசப்பு மருந்தை விழுங்கியதுபோல ஒரே எழுத்து. மலர்க்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அதன்பிறகு மூன்று வாரம் தினமும் வந்தாள். முதல்நாள் அவள் மாமாவை நிறுத்தவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, லாரியில் எந்த கியரில் மேடு ஏறுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே உடம்பை இரண்டு பக்கமும் சாய்க்க வைத்தாள். எப்போது நிற்க வைத்தாள் என்று மாமாவுக்கே தெரிந்திருக்காது. நான் பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்தேன். பேசவில்லை. ஒருநாள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். "சார், கைய எறக்குங்க. இன்னும் எறக்குங்க" என்று மலர்க்கொடி என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, அவங்க உங்க பாஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் மகள். ஆமாம் என்றேன்.

அக்கா மாறிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பேப்பர் கப்பு போய் டம்ளர் வந்தது உண்மை. ஆனால் மலர்க்கொடி குடித்து வைத்த அந்த ஒரு டம்ளரை மட்டும் கழுவி, ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். மூன்று வாரமும் அது அங்கேதான் இருந்தது. மலர்க்கொடியும் அதைப் பார்த்தாள்.

நான் கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை, மாமா குச்சியை ஊன்றிக்கொண்டு கூடத்திலிருந்து வாசல்வரை நடந்தார். மலர்க்கொடி கூடவே நடந்தாள். வழியனுப்ப வந்திருந்த சொந்தக்காரர்களில் அதே பெரியப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கனடா படிப்புன்னா சும்மாவா? விழுந்த மனுசன நடக்க வச்சுட்டியேய்யா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் முகம் பூரித்திருந்தது. மலர்க்கொடி மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. நான் எதையாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. என்னை அவள் சரியாகவே எடைபோட்டிருந்தாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சிரித்தேன். "எல்லாம் கடவுள் செயல்" என்றேன்.

"போயிட்டு வரேங்க அண்ணே" என்று மாமாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மலர்க்கொடி முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

8

அவள் இன்னும் மாமாவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறாள். வாரத்தில் இரண்டு நாள். மாமா போனில் சொன்னார். அக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை. தன் தம்பி போட்டுக்கொடுத்த பாதையில்தான் மலர்க்கொடி நடத்துகிறாள் என்று தெருவில் சொல்லிக்கொள்கிறாளாம்.

ஆகவே அன்று கூடத்தில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை, உதவியாளன். என் மாமாவைக் கீழே விழவைத்தவன் நான். நடக்க வைத்தவர் மலர்க்கொடி.

இது வெளிவரும் இந்தப் பத்திரிகைக்கு அக்கா வீட்டில் சந்தா கட்டியிருக்கிறார்கள். தபால்காரர் வாசல் கேட்டில் செருகிவிட்டுப் போவார். இப்போதெல்லாம் அதைப் போய் எடுத்துவருவது மாமாதானாம்.